வாங்கின சாட்சி: கூகிள் தண்டனையும் சுட்டி வியாபாரமும் (வாரக்கடைசிக் குறிப்புகள் – 19)



இந்த வாரம் கொஞ்சம் டெக்னிக்கல் மேட்டர்தான். "பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டாப்பா"ன்னு ஜன்னலை மூடிட்டு ஓடிடாதீங்க. வலைப்பதிவு வச்சிருக்கிற எல்லாரோட தலையிலயும் விழக்கூடிய சமாச்சாரம் இது. புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி அறிமுகம்: நான் பர்மாத் தமிழ்ப் பொண்ணு. யாங்கோனுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற த்வாண்டே எங்க ஊர். இப்ப பாங்காக்ல மாஸ்டர்ஸ். இந்த செமஸ்டர்ல தேடுபொறிகளைப் பத்தி ஒரு பேப்பர் இருக்கு. அதுக்காகக் கண்ணு வலிக்கப் படிச்சதுல உங்களுக்குத் தேவையானதை மட்டும் இங்கே இறக்கி வைக்கிறேன்.

முதல்ல ஒரு கதை. நிஜக் கதை.

ஜேசி பென்னின்னு அமெரிக்காவுல ஒரு கடைச் சங்கிலி. 1902ல ஆரம்பிச்சது. 2010 கடைசியில, அதாவது கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடா இருக்கிற மாசங்கள்ல, கூகிள்ல எதைத் தேடினாலும் அவங்க கடைதான் முதல்ல வந்து நின்னுச்சு. உடுப்புன்னு தேடினாலும் அவங்கதான், படுக்கை விரிப்புன்னாலும் அவங்கதான், தரை விரிப்புன்னாலும் அவங்கதான். சாம்சனைட் பெட்டின்னு பேரைச் சொல்லித் தேடினாக்கூட சாம்சனைட் கம்பெனியோட சொந்தத் தளத்துக்கு மேல ஜேசி பென்னி!

நியூயார்க் டைம்ஸ் காரங்களுக்குச் சந்தேகம் வந்து, விவரம் தெரிஞ்ச ஆளை வச்சு நோண்டிப் பார்த்தாங்க. ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள்ல ஜேசி பென்னிக்குச் சுட்டி கொடுத்திருந்தது தெரிஞ்சுச்சு. எங்கேன்னு பார்த்தா அணுப் பொறியியல் பத்தின ஒரு தளம், பல்கேரியாவுல வீடு மனை விக்கிற ஒரு தளம், சூதாட்டத் தளம் ஒண்ணு... இந்த மாதிரி. அணு உலை பத்திப் படிக்க வந்தவனுக்கு எதுக்குய்யா பொம்பளைங்க உடுப்பு? யாரோ காசு கொடுத்து ஒட்ட வச்ச சுட்டிகள்.

பத்திரிகை கூகிள்கிட்ட விளக்கம் கேட்டுச்சு. 2011 பிப்ரவரி 1ல 59 தேடல் சொற்களுக்கு ஜேசி பென்னியோட சராசரி இடம் 1.3. பிப்ரவரி 8ல அது 4.0. அப்புறம் வழுக்கிட்டே போச்சு. சாம்சனைட் பெட்டிக்கு முதல் இடத்துல இருந்து 71வது இடம். வரவேற்பறை நாற்காலி மேசைக்கு முதல் இடத்துல இருந்து 68வது இடம். 71வது இடம்னா ஏழு பக்கம் தள்ளிப் போகணும். யார் போவா? கம்பெனி "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்லி, அவங்களுக்குத் தேடுபொறி வேலை பார்த்த நிறுவனத்தை வெளியே அனுப்பிடுச்சு.

இதுதான் "இயற்கையில்லாத பேக்லிங்க்"குக்கு விழுற தண்டனை. இனி இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.

சுட்டின்னா சாட்சி

1998ல ஸ்டான்ஃபோர்டுல படிச்சிட்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல இருந்த யோசனை ரொம்ப எளிமை. ஒரு பக்கம் தன்னைப் பத்தித் தானே என்ன சொல்லிக்குதுங்கிறதை நம்பாதே, மத்தவங்க அதை எவ்வளவு சுட்டுறாங்கன்னு பார். சுட்டுறவன் யாருங்கிறதையும் பார். நாலு பேர் மதிக்கிறவன் சுட்டினா கனம் அதிகம், ஊர்ல யாரும் சீண்டாதவன் சுட்டினா கனம் கம்மி. ஒருத்தன் பத்துப் பேரைச் சுட்டினா அவன் கனம் பத்தாப் பிரியும். பேஜ்ரேங்க்னு சொன்னது இதைத்தான்.

நம்ம ஊர்ல மாப்பிள்ளை பத்தி விசாரிக்கிற மாதிரின்னு வைங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்றதை யாரும் எடுத்துக்க மாட்டாங்க. தெருமுனைக் கடைக்காரர்கிட்ட, வேலை பார்க்கிற இடத்துல, கோயில்ல பூசை பண்றவர்கிட்டன்னு தனித்தனியாக் கேப்பாங்க. அவங்களுக்குள்ள சம்பந்தம் இல்லைங்கிறதாலதான் அந்த வார்த்தைக்கு மதிப்பு.

இதைத் தெரிஞ்சுக்கிட்டதும் நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? சாட்சியையே விலைக்கு வாங்குவாங்க. கூகிளுக்கு நாலு வயசு ஆகுறதுக்குள்ள அந்தச் சந்தை வந்துடுச்சு. 2002ல அமெரிக்காவுல ஒக்லஹோமாவுல சர்ச்கிங்னு ஒரு நிறுவனம், பேஜ்ரேங்க் அதிகமா இருக்கிற தளங்கள்ல காசுக்குச் சுட்டி வாங்கித் தர்ற வியாபாரம் ஆரம்பிச்சது. கூகிள் அவங்க மதிப்பெண்ணைத் தடாலடியாக் குறைச்சுது. அவங்க வழக்குப் போட்டாங்க. 2003ல நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி பண்ணுச்சு. "பேஜ்ரேங்க்ங்கிறது கூகிளோட கருத்து, கருத்துச் சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு"ங்கிறதுதான் சாரம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மொய் நோட்டு

இதைப் படிச்சிட்டிருந்தப்பதான் த்வாண்டேயில இருந்து எங்க மாமா பேசினார். எங்க ஊர் மண்பாண்டத்துக்குப் பேர் போனது. ஓபோ பக்கம் போனா சூளையும் வரிசையா காய வச்ச பானையும்தான். மாமா அங்கே செய்றவங்ககிட்ட வாங்கி, மெருகு போட்ட ஜாடி, பூந்தொட்டியெல்லாம் வெளியூருக்கு அனுப்புறார். போன வருஷம்தான் ஒரு வெப்சைட் போட்டார். யாரோ ஒருத்தன் அவருக்கு வலை வீசியிருக்கான்: "500 பேக்லிங்க், 50 டாலர், ஒரே வாரத்துல கூகிள்ல முதல் பக்கம்."

"ஏம்மா, 500 பேர் நம்ம பானையைப் பத்தி நல்லதாச் சொன்னா நல்லதுதானே?"

"அந்த 500 பேரும் ஒரே ஆளு மாமா."

"அது கூகிளுக்கு எப்படிம்மா தெரியும்?"

நியாயமான கேள்வி. கல்யாண மொய் நோட்டை வச்சு விளக்கினேன். உங்களுக்கும் அதையே சொல்றேன்.

மொய் எழுதுறதுல தப்பே இல்லை. நீ என் வீட்டு விசேஷத்துக்கு 500 எழுதினே, நான் உன் வீட்டுக்கு 501 எழுதுறேன். அது கொடுக்கல் வாங்கல். ஆனா நோட்டுல பேர் இருக்கிற எல்லாரும் "மாப்பிள்ளை தங்கமான பையன்"னு சத்தியம் பண்ணினதா யாராவது எடுத்துக்குவாங்களா? கூகிள் பண்றது இவ்வளவுதான்: வந்திருக்கிற சுட்டிகள்ல எது சாட்சி, எது மொய்னு பிரிக்கப் பார்க்குது.

பிரிக்கிறதுக்கு அடையாளங்கள் உண்டு. ஒண்ணு, வார்த்தை. நிஜ மனுஷங்க சுட்டி கொடுக்கிறப்ப "இங்கே பாருங்க"ம்பாங்க, கடைப் பேரைப் போடுவாங்க, இல்லேன்னா முகவரியை அப்படியே ஒட்டுவாங்க. ஆளுக்கு ஒரு மாதிரி. காசு வாங்கினவங்க 500 பேரும் "மலிவு விலை மண் ஜாடி"ன்னு எழுத்து மாறாம எழுதுவாங்க. ரெண்டு, நேரம். ரெண்டு வருஷமா ஈ ஓட்டின தளத்துக்கு ஒரே ராத்திரியில 500 சுட்டி வந்தா கண்ணை உறுத்தும். மூணு, அக்கம்பக்கம். அதே பக்கத்துல பானைக்குப் பக்கத்துல சூதாட்டம், அதுக்குப் பக்கத்துல கடன், அதுக்குக் கீழ மாத்திரைன்னு இருந்தா அது எந்த மாதிரித் தெருன்னு சொல்லவே வேண்டாம். நாலு, வட்டம். இவன் அவனைச் சுட்ட, அவன் இன்னொருத்தனைச் சுட்ட, கடைசி ஆள் திரும்ப முதல் ஆளையே சுட்டுறது.

மாமா கேட்டார், "அப்ப நாமளாப் போய் யாரையும் எழுதச் சொல்லவே கூடாதா?" அதுக்கு ஊர்ல இருந்தே பதில் இருக்கு. எங்க ஊர் கால்வாய் இயற்கையா ஓடுற ஆறு இல்லை. பிரிட்டிஷ்காரங்க காலத்துல மனுஷங்க வெட்டினது. சுமார் 35 கிலோமீட்டர். யாங்கோன் ஆத்தையும் ஐராவதிப் பக்கத்தையும் இணைக்குது. வெட்டினதுன்னு யாருக்கும் தெரியும், யாரும் அதை ஆறுன்னு சொல்லி ஏமாத்தலை, படகு நிஜமாவே போகுது. அந்த மாதிரிச் சுட்டியில பிரச்சினையே கிடையாது. சூளைக்கு வந்து பார்த்த ஒரு பயணக் கட்டுரைக்காரர்கிட்ட "எழுதினா எங்க முகவரியும் போடுங்க"ன்னு கேக்கலாம். விளம்பரம்னா விளம்பரம்னு சொல்லிப் போடலாம். அதுக்குன்னே நிரல்ல ஒரு குறி இருக்கு. 2005 ஜனவரியில கூகிள், யாஹூ, எம்எஸ்என் மூணும் சேர்ந்து அறிவிச்ச "நோஃபாலோ". பின்னூட்டத்துல வந்து குப்பைச் சுட்டி போடுறவங்க தொல்லை தாங்காம கொண்டு வந்தது. 2019ல காசு வாங்கின சுட்டிக்குன்னே "ஸ்பான்சர்ட்"னு இன்னொரு குறியும் வந்தாச்சு. இந்தக் குறி போட்டா "இது சாட்சி இல்லை, எண்ண வேண்டாம்"னு நாமே சொல்லிடறோம். காசு வாங்கிட்டு, வாங்கலைன்னு காட்டிக்கிறதுதான் குத்தம்.

மாமா 50 டாலரைக் கொடுக்கலை. அந்தக் காசுக்கு நல்ல வெளிச்சத்துல நாலு ஜாடியைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கேன் :-)

தண்டனையில ரெண்டு வகை

ஒண்ணு, ஆள் பார்த்துப் போடுறது. கூகிள் ஊழியர் ஒருத்தர் உங்க தளத்தைப் பார்த்து "உங்க தளத்துக்கு இயற்கையில்லாத சுட்டிகள் வருது"ன்னு சர்ச் கன்சோல்ல ஓலை அனுப்புவாங்க. நீங்க அந்தச் சுட்டிகளை எடுக்கச் சொல்லி ஒவ்வொருத்தர் காலாப் பிடிச்சு, சுத்தம் பண்ணி, மறுபரிசீலனைக்கு மனு போடணும். எடுக்க முடியாததை "எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை"ன்னு எழுதிக் கொடுக்க 2012 அக்டோபர்ல ஒரு கருவி தந்தாங்க.

இன்னொண்ணு, நிரல் தானாப் போடுறது. இதுக்கு ஓலையும் வராது, மனுவும் போட முடியாது. 2012 ஏப்ரல் 24ல பென்குயின்னு ஒரு நிரலை இறக்கிவிட்டாங்க. ஆங்கிலத் தேடல்கள்ல 3.1 சதவீதம் மாறும்னு கூகிளே சொன்னுச்சு. பென்குயின் பார்க்கத்தான் அழகு. காலையில எழுந்து பார்த்தா வியாபாரம் காணாமப் போயிருந்தவங்க ஏராளம்.

அதுல கொடுமை என்னன்னா, பென்குயின் அப்பப்பதான் ஓடும். அது அடிச்சுட்டுப் போன பிறகு நீங்க சுத்தம் பண்ணிட்டாலும், அது அடுத்த தடவை ஓடுற வரைக்கும் காத்திருக்கணும். 2014 அக்டோபர் 17ல ஒரு தடவை ஓடிச்சு. அடுத்தது 2016 செப்டம்பர் 23. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்! தப்பைத் திருத்தினவன் ரெண்டு வருஷம் வாசல்லயே நின்னான்.

இதுக்குப் பக்கத்துல பெரிய ஆளுங்க கதையை வச்சுப் பாருங்க:

ராப் ஜீனியஸ்: பாட்டு வரிகளுக்கு விளக்கம் போடுற அமெரிக்கத் தளம். "உங்க பதிவுக்குக் கீழ எங்க ஜஸ்டின் பீபர் பாட்டுச் சுட்டிகளைப் போடுங்க, நாங்க உங்களைப் பத்தி ட்வீட் போடுறோம்"னு பதிவர்கள்கிட்ட பேரம் பேசினாங்க. 2013 டிசம்பர் 25ல தூக்கி எறிஞ்சாங்க. 2014 ஜனவரி 4ல திரும்பி வந்தாச்சு. பத்து நாள்.

இன்டர்ஃப்ளோரா: பிரிட்டன்ல பூங்கொத்து விக்கிற பெரிய நிறுவனம். உள்ளூர்ப் பத்திரிகைகளோட தளங்கள்ல விளம்பரக் கட்டுரை போட்டுச் சுட்டி வாங்கினாங்க. 2013 பிப்ரவரியில, அங்கே அன்னையர் தினத்துக்குச் சில வாரம் முன்னாடி, சொந்தப் பேரைத் தேடினாக்கூடக் கிடைக்காத அளவுக்கு மறைஞ்சாங்க. பதினொரு நாள்ல, அன்னையர் தினத்துக்குள்ள திரும்பிட்டாங்க.

ஓவர்ஸ்டாக்: கல்லூரித் தளங்கள்ல சுட்டி வச்சா மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தள்ளுபடின்னு ஆசை காட்டினாங்க. கல்லூரித் தளம்னா கூகிள்ல மதிப்பு அதிகம்னு கணக்கு. 2011 பிப்ரவரியில அடி விழுந்துச்சு. ரெண்டு மாசம்.

ஜேசி பென்னி: சுமார் மூணு மாசம்.

பத்து நாள், பதினொரு நாள், ரெண்டு மாசம், மூணு மாசம். எங்கேயோ இருந்த சின்னக் கடைக்காரனுக்கு மட்டும் ரெண்டு வருஷம். இதுல சதி எதுவும் தேட வேண்டாம், காரணம் ரொம்பச் சாதாரணம்னு எனக்குத் தோணுது. இன்டர்ஃப்ளோரான்னு தேடி இன்டர்ஃப்ளோரா வரலைன்னா, ஜனங்க கூகிளுக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்க. அதனால பெரிய ஆளைச் சீக்கிரம் திரும்பக் கூப்பிட கூகிளுக்கே அவசரம். த்வாண்டே ஜாடிக்கடை காணாமப் போனா யாருக்குத் தெரியப் போகுது? காணோம்ங்கிறதே யாருக்கும் தெரியாது. தேடினவன் அடுத்த கடைக்குப் போயிடுவான்.

போய்ச் சண்டை போடலாம்னா, 2003 தீர்ப்பை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? "அது எங்க கருத்து." அவ்வளவுதான். கூகிள் தனக்குத்தானேயும் தண்டனை போட்டிருக்குங்கிறதை நியாயமாச் சொல்லணும். 2009ல ஜப்பான்ல கூகிள் விளம்பரத்துக்குப் பதிவர்களுக்குக் காசு கொடுத்து எழுத வச்சது வெளியே வந்து, ஜப்பான் கூகிள் பக்கத்தோட பேஜ்ரேங்கை 9ல இருந்து 5க்கு இறக்கினாங்க. ஆனாலும் ஆட்டம் ஆடுறவனும் அவன்தான், விசில் ஊதுறவனும் அவன்தான். இந்தியாவுல சென்னையில இருக்கிற மேட்ரிமோனி டாட் காமும் இன்னொரு நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்ல, தேடல் முடிவுகள்ல பாரபட்சம் காட்டினதுக்காகப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில கூகிளுக்கு சுமார் 136 கோடி ரூபாய் அபராதம் விதிச்சதும் இந்தக் கவலையை ஒட்டித்தான்.

2016க்கு அப்புறம் நிலைமை கொஞ்சம் தேவலை. பென்குயின் நிரந்தரமா ஓடுது. தளத்தை அடிக்கிறதுக்குப் பதிலா கெட்ட சுட்டியைச் செல்லாத ஓட்டாக்கிடுது. 2022 டிசம்பர்ல இருந்து ஸ்பாம்பிரெய்ன்னு ஒரு கருவி, சுட்டி வாங்கினவங்களோட வித்தவங்களையும் மோப்பம் பிடிக்குது. செல்லாத ஓட்டாயிடுச்சுன்னா, அதால கிடைச்சிருந்த லாபம் போனது போனதுதான், திரும்பக் கிடைக்காதுன்னு கூகிளே எழுதி வச்சிருக்கு. மாமா 50 டாலர் கொடுத்திருந்தா 50 டாலரும் கோவிந்தா.

எங்க நாட்டுப் பொய்ச் சாட்சி

"உடுப்பும் பூங்கொத்தும் விக்கிறவங்க சண்டை, நமக்கென்ன"ன்னு யாராவது கேக்கலாம். பர்மாக்காரிக்கு அப்படி விட்டுட முடியலை.

எங்க நாட்டுல 2014ல வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து சிம் கார்டு விலை அடிமட்டத்துக்கு இறங்கினப்பதான் ஜனங்க கைக்கு இணையம் வந்துச்சு. பெரும்பாலானவங்களுக்கு இணையம்னாலே ஃபேஸ்புக். கூகிள்ல தேடுற பழக்கமே கம்மி. ஃபேஸ்புக்ல நாலு பக்கம் ஒரே சேதியைச் சொன்னா அது உண்மை. தேடுபொறியில சுட்டியை எண்ணுற அதே கணக்கு, இங்கே மனுஷங்க மனசுல ஓடுது: "தனித்தனி ஆளுங்க சொல்றாங்களே, அப்ப சரியாத்தான் இருக்கும்."

2018 அக்டோபர்ல ஃபேஸ்புக் 13 பக்கங்களையும் 10 கணக்குகளையும் நீக்குச்சு. சுமார் 13.5 லட்சம் பேர் பின்தொடர்ந்த பக்கங்கள். மேலோட்டமாப் பார்த்தா ஒண்ணு பொழுதுபோக்கு, ஒண்ணு அழகுக்குறிப்பு, ஒண்ணு பொதுத்தகவல். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத மாதிரி. பின்னாடி இருந்தது ராணுவத்தோட தொடர்புள்ள ஆளுங்கன்னு ஃபேஸ்புக்கே அறிவிச்சது. அதுக்கு முன்னாடி ஆகஸ்ட்லயே ராணுவத் தளபதியோட கணக்கு உட்படப் பலதை நீக்கியிருந்தாங்க. ஆனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2017 ஆகஸ்ட்ல தொடங்கி, ஏழு லட்சத்துக்கும் மேல ரோஹிங்யா ஜனங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு பங்களாதேஷுக்கு ஓடியாச்சு. வன்முறையைத் தூண்டத் தங்க தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யலைன்னு 2018 நவம்பர்ல ஃபேஸ்புக் ஒத்துக்கிட்டுச்சு.

ஜாடி விக்கிறதையும் இதையும் ஒரே தராசுல வைக்கலை. தந்திரம் ஒண்ணுதான்னு சொல்றேன். ஒரே ஆள் 500 குரல்ல பேசுறது. கேக்கிறவன் 500 பேர்னு நம்புறது. அந்த நம்பிக்கையை ஒரு தடவை விலை பேசிட்டா, யார் வேணா எதுக்கு வேணா வாங்கலாம்.

சரி, நமக்கு இதுல என்ன?

இப்ப பதிவர்கள் பக்கம் வர்றேன். பழைய வலைப்பதிவு வச்சிருக்கிறவங்க நிறையப் பேருக்கு இந்த மாதிரி மடல் வந்திருக்கும்: "அன்பரே, உங்கள் பதிவுகள் அருமை. எங்கள் கட்டுரை ஒன்றை வெளியிட்டால் 30 டாலர் தருகிறோம். 'நோஃபாலோ' போடக் கூடாது." எனக்கும் ரெண்டு வந்துச்சு. ஒண்ணு ஆன்லைன் ரம்மிக்கு. இன்னொண்ணு உடனடிக் கடனுக்கு. 30 டாலர்னா எனக்கு இங்கே ரெண்டு வாரம் மத்தியானச் சாப்பாடு ஓடும், சும்மா சொல்லக் கூடாது. நம்ம எழுத்து அருமைங்கிறதுக்காக அவங்க வரலை. நம்ம பதிவுகளுக்கு வயசாயிடுச்சு, நாலு நல்ல தளங்கள் நம்மளைச் சுட்டியிருக்கு. அந்த மதிப்புக்குத்தான் விலை.

நான் ரெண்டுக்கும் பதில் போடலை. காரணம் மூணு.

முதல் காரணம் சட்டம். பணம் வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டையும் அதுக்கு விளம்பரம் பண்றதையும் தடை செய்யற சட்டம் இந்திய நாடாளுமன்றத்துல 2025 ஆகஸ்ட்ல நிறைவேறிச்சு. என் பதிவைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் தமிழ்நாட்டுல இருக்கீங்க. ரம்மியில குடும்பத்தைத் தொலைச்சவங்க கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரெண்டாவது, தண்டனை விக்கிறவங்களுக்கும் உண்டு. "உங்க தளத்துல இருந்து இயற்கையில்லாத சுட்டிகள் போகுது"ன்னு தனியா ஒரு ஓலை இருக்கு. 2016 மார்ச்ல, இலவசப் பொருள் வாங்கிட்டு விமர்சனம் எழுதுற பதிவர்களுக்கு கூகிள் எச்சரிக்கை விட்டுச்சு. ஏப்ரல்லயே பலருக்கு ஓலை வந்துச்சு. பெரிய கம்பெனி எதுவும் இல்லை மக்களே, சமையல், சுற்றுலா, குழந்தை வளர்ப்புன்னு எழுதிட்டிருந்த நம்மளை மாதிரி ஆளுங்க.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். அந்த ஓலை வந்தா உங்க தளத்துல இருந்து போற சுட்டிகளோட கனத்தை கூகிள் எண்ணுறதை நிறுத்திடலாம். காசு வாங்கின ஒண்ணு மட்டும் இல்லை, எல்லாம். பத்து வருஷமா "இவர் கவிதை படிங்க, இவங்க சமையல் குறிப்பு பாருங்க, இந்த மொழிபெயர்ப்பு அருமை"ன்னு மனசாரக் கொடுத்த சுட்டி எல்லாத்துக்கும் சேர்த்து மதிப்பு போயிடும். தமிழ்ல தேடினா நல்ல பக்கம் மேல வர்றதே இந்த மாதிரி ஒருத்தரை ஒருத்தர் சுட்டி வச்சதாலதான். நம்ம மதிப்பை விக்க நமக்கு உரிமை இருக்குன்னு வாதாடலாம். நம்மளை நம்பின சக பதிவரோட மதிப்பையும் சேர்த்து 30 டாலருக்கு விக்க உரிமை இருக்கா? எனக்கு இல்லைன்னு தோணுது.

நாமளும் ஒண்ணும் சுத்த சுயம்பிரகாசம் இல்லைன்னு சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கேன். திரட்டியில பதிவு கீழ இறங்கிடாம இருக்க, தன் பதிவுக்குத் தானே வேற வேற பேர்ல வந்து பின்னூட்டம் போட்டுக்கிறது. அதுக்கு "பின்னூட்டக் கயமை"ன்னு நாமே பேர் வச்சு, நாமே கிண்டலும் பண்ணிக்கிட்டது. அது விளையாட்டு, யாருக்கும் நஷ்டம் இல்லை. கிண்டல் பண்ண பேர் வச்சப்பவே, எது கணக்குல சேரும், எது சேராதுன்னு நமக்குத் தெரிஞ்சிருந்துச்சு பாருங்க. அந்த நிதானம் இருந்தாப் போதும்.

செய்ய வேண்டியது நாலே நாலு:

1. விளம்பரம் போட்டா விளம்பரம்னு வெளிப்படையா எழுதுங்க. சுட்டியில "ஸ்பான்சர்ட்" இல்லேன்னா "நோஃபாலோ" குறி போடுங்க.

2. பழைய பதிவுகளோட பின்னூட்டங்களை அப்பப்ப எட்டிப் பாருங்க. "நைஸ் போஸ்ட்"னு சொல்லிட்டு செருப்புக் கடைச் சுட்டி வச்சிருந்தா தூக்குங்க.

3. எழுதுறதை நிறுத்தினாலும், சொந்த டொமைன் வச்சிருந்தா புதுப்பிக்க மறக்காதீங்க. காலாவதியானா அதுக்குன்னே காத்திருக்கிறவன் வாங்கி, உங்க பேர்ல சூதாட்டக் கடை திறப்பான். இது பெருகினதாலதான் 2024 மார்ச்ல கூகிள் இதைத் தனிக் குத்தமாகவே சேர்த்துச்சு.

4. பிடிச்ச பதிவு கண்ணுல பட்டா யாரும் கேக்காமலே சுட்டி கொடுங்க. காசு வாங்காம, கைம்மாறு எதிர்பார்க்காம கொடுக்கிற சுட்டிக்கு இன்னைக்கும் கனம் இருக்கு.

இந்த மாதிரி மடல் உங்களுக்கு வந்திருந்தா என்ன பதில் போட்டீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. யாராவது சுட்டி போட்டுட்டு ஓலை வாங்கி, மீண்டு வந்திருந்தா அந்த அனுபவம் மத்தவங்களுக்குக் கட்டாயம் உதவும்.

அடுத்த வாரம்: பர்மிய எழுத்துருக் குழப்பமும் நம்ம பழைய தமிழ் எழுத்துருக் குழப்பமும்.

டிஸ்கி: மாமா ஜாடிக்கடை முகவரியை இந்தப் பதிவுல வேணும்னேதான் போடலை. சொந்தக்காரி கொடுக்கிற சுட்டியும் மொய்க் கணக்குதானே :-)